கிளி ஆணிடம் ஒட்டுமா, பெண்ணிடம் ஒட்டுமா? வன்னியில் கிளி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வன்னி வீடுகளில் அதிகம் காணும் கிளிகள் நான்கு: வயலிலும் பனையிலும் திரியும் பச்சைக்கிளி, தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளி, கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் பட்ஜி, கொண்டையுள்ள கொக்கடைல். கீழே உள்ள பதில்கள் முதலில் பச்சைக்கிளிக்கும் பெரிய கிளிக்கும் உரியவை. மற்ற இரண்டும் வேறுபடும் இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

சுருக்கமாச் சொல்லுங்கோ. கிளி ஆம்பிளையளோட ஒட்டுமா, பொம்பிளையளோட ஒட்டுமா?

ஆள் ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான் கிளி ஒட்டுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. கிளி ஒவ்வொருவரையும் தனித்தனியே அறியும். முகம், குரல், நடை, கை வரும் வேகம், அந்தக் கை முன்னர் என்ன செய்தது என்பதெல்லாம் அதற்கு நினைவிருக்கும். ஆண்களைக் கண்டால் அலறுகிற கிளியும் உண்டு, பெண்களைக் கண்டால் பாய்கிற கிளியும் உண்டு. அப்படி நடப்பதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாற்றலாம். ‘இது எனக்கு ஒட்டாது’ என்று கைவிட்டால் அந்தப் பகை நெடுங்காலம் நிற்கும். நன்றாகப் பராமரித்த பச்சைக்கிளி 20 முதல் 30 ஆண்டு வரை வாழக்கூடியது.

சாப்பாடு போடுறது நான், கூடு கழுவுறது நான். ஆனா கிளி அவரோடதான். என்னைக் கண்டாக் கொத்த வருது. ஏன்?

எங்களிடம் வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். பதில் கிளியில் இல்லை, வீட்டு வேலைப் பகிர்வில் இருக்கிறது. காலையில் தட்டை இழுப்பது, எச்சம் சுரண்டுவது, கூட்டுக்குள் கை விட்டுத் தண்ணீர்க் கோப்பையை எடுப்பது, மழைக்குச் சாக்குப் போடுவது, மருந்து பருக்குவது, நகம் வெட்டத் துணியால் பொத்திப் பிடிப்பது எல்லாம் அம்மாவின் கையால் நடக்கின்றன. அப்பா பின்னேரம் வந்து, முற்றத்தில் கதிரையைப் போட்டு, ஒரு கச்சானை நீட்டிச் சீக்காய் அடிக்கிறார். கிளியின் கணக்கில் ஒருவர் தன் இடத்துக்குள் கை விடுபவர், மற்றவர் நல்லது கொண்டு வருபவர்.

கோப்பையில் கொட்டும் தீனியால் உறவு அவ்வளவு வளராது. கையிலிருந்து வாங்கித் தின்னும் ஒரு துண்டு கொய்யாவுக்கு ஒரு கோப்பைத் தினையைவிடப் பலன் கூட.

முதலில் கூட்டை மாற்றி அமையுங்கள். கோப்பைகளைக் கை உள்ளே போகாமல் வெளியிலிருந்தே எடுக்கக்கூடிய சிறு கதவுகளில் மாட்டுங்கள். அடித்தட்டை இழுக்கும்போது கிளி பயப்பட்டால், அதை வெளித் தடியில் ஏற்றிவிட்டுக் கழுவுங்கள். இரண்டு கிழமைக்கு வேலையை மாற்றியும் பாருங்கள்: அவர் கூடு கழுவட்டும், நீங்கள் பின்னேரக் கதிரையில் இருங்கள். மருந்து பருக்குவது, பொத்திப் பிடிப்பது போன்றவற்றை எப்போதும் ஒருவரே செய்யாமல் மாறி மாறிச் செய்யுங்கள். முடிந்தால் அதை வீட்டாருக்கு வெளியே ஒருவரிடம் விடுங்கள்.

ஆண் கிளி பெண்ணை நாடும், பெண் கிளி ஆணை நாடும் எண்டு சொல்லீனம். உண்மையோ?

பரவலாக நம்பப்படுகிறது, ஆனால் அதைத் தாங்கும் சான்று மெல்லியது. சொல்பவர்களில் பலருக்குத் தங்கள் கிளியின் பாலே உறுதியாகத் தெரியாது. கழுத்தில் இன்னும் வளையம் வராத இளம் பச்சைக்கிளியை ‘ஆண்’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதை வைத்துக் கதை கட்டப்பட்டிருக்கும்.

கிளி எங்களைப் பிரித்தறிவது குரலாலும் தோற்றத்தாலும். வளர்ந்த ஆணின் பேச்சுக்குரல் ஏறத்தாழ வினாடிக்கு 120 அதிர்வு, பெண்ணின் குரல் ஏறத்தாழ 200. இந்த வேறுபாடு கிளிக்கு நன்றாகவே கேட்கும். கையூட்டி வளர்த்தவர் அம்மம்மாவாக இருந்தால் மெல்லிய குரலும் சேலையும் அதற்குப் பழக்கமானவை ஆகிவிடும். அதே வகைக் குரலோடு வரும் இன்னொரு பெண்ணையும் அது எளிதில் ஏற்கும். பார்ப்பவருக்கு இது பால் ஈர்ப்புப் போலத் தெரிந்தாலும் குஞ்சுப் பருவத்துப் பழக்கம்தான்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பச்சைக்கிளி இனத்தில் மேலாட்சி பெண்ணுக்கு. ஆண் தயங்கித் தயங்கி நெருங்கும், தலையாட்டும், கக்கி ஊட்டும். பெண் பிடிக்காவிட்டால் கொத்தித் துரத்தும். ஆகவே பெண் கிளி கொஞ்சம் விறைப்பாக நடப்பது அதன் இயல்பு. வீட்டில் அதனோடு அதிக நேரம் இருப்பவர் பெண்ணென்றால் அந்த விறைப்பை அதிகம் வாங்குபவரும் அவரே. ‘பெண் கிளிக்குப் பொம்பிளையளைப் பிடிக்காது’ என்ற பேச்சில் ஒரு பங்கு இப்படி வந்தது.

எங்கட கிளி ஆணோ பெண்ணோ எண்டு எப்பிடி அறியிறது?

பச்சைக்கிளியிலும் பெரிய கிளியிலும் வளர்ந்த ஆணுக்குக் கழுத்தில் கறுப்பும் ரோசாவும் கலந்த வளையம் வரும். வர ஒன்றரை முதல் 3 ஆண்டு எடுக்கும். அதுவரை இரண்டும் ஒரே மாதிரி. 3 வயது தாண்டியும் வளையம் இல்லையென்றால் அது பெண் என்று கொள்ளலாம். பெரிய கிளியின் தோள் சிவப்பு இரு பாலுக்கும் உண்டு, அதை வைத்து முடிவு செய்யவேண்டாம். வளர்ந்த பட்ஜியில் மூக்குக்கு மேலுள்ள தோல் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குக் கபிலம் (மஞ்சள், வெள்ளை நிற வகைகளில் இது ஏமாற்றும்). சாம்பல் கொக்கடைலில் ஆணின் முகம் பளிச்சென்ற மஞ்சள், பெண்ணுக்கு வாலின் அடியில் வரிகள் நிற்கும். ஐயமற்ற வழி இறகு அல்லது இரத்தத்தில் செய்யும் டிஎன்ஏ சோதனை.

அவர் வெளிநாட்டில இருந்து லீவில வந்து நிக்கிறார். கிளி அவரைக் கண்டாக் கூட்டுக்க அடிபடுது. ஆம்பிளையளே பிடிக்காதோ?

போருக்குப் பின் வன்னியில் பெண்களே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் வீடுகள் பல. ஆண்கள் மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ வேலையில் இருக்கும் வீடுகளும் பல. அப்படியான வீட்டில் வளர்ந்த கிளி ஆண் குரலைக் கேட்டே இராது. கிளி இரையாகும் உயிர். பழக்கமில்லாத எதையும் முதலில் ஆபத்தாகவே எடுக்கும். தாடி, தலைக்கவசம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, திடீர்ச் சிரிப்பு இவற்றில் ஒன்றே போதும்.

அவர் வருவதற்கு முன்பே தொடங்குவது நல்லது. தொலைபேசியில் அவர் கதைக்கும்போது ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, அந்த நேரத்தில் கிளிக்குப் பிடித்ததைக் கொடுங்கள். வந்த பிறகு முதல் மூன்று நாள் அவர் கூட்டுக்கு 3 மீற்றருக்குள் போகவேண்டாம். கிளியின் கண்மட்டத்துக்குக் கீழே, பக்கவாட்டில் இருந்து, நேரே உற்றுப் பாராமல் மெதுவாகக் கதைக்கட்டும். தலைக்கவசத்தை வாசலிலேயே கழற்றவேண்டும். ‘பயப்படாத’ என்று சொல்லிக்கொண்டு கூட்டைத் தட்டுவதும் விரலை நீட்டுவதும் பல நாள் வேலையை ஒரு நிமிடத்தில் கெடுக்கும்.

வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வருபவர் யாராக இருந்தாலும் குளித்து உடுப்பு மாற்றாமல் கிளியைத் தொடக்கூடாது. பூச்சிகொல்லி பறவைக்குக் கடும் நஞ்சு, அளவும் மிகச் சிறிது போதும். சுருட்டு, சிகரெட் புகையும் அப்படித்தான் அதன் நுரையீரலைக் கெடுக்கும்.

ஒட்டாத ஆளோட கிளியை எப்பிடிப் பழக்கிறது? படிப்படியாச் சொல்லுங்கோ.

மூன்று காலை தொடர்ந்து கொய்யா, பயற்றங்காய், கச்சான், சூரியகாந்தி விதை, பப்பாசி, பச்சை மிளகாய் என்று ஆறு வகையைச் சிறு துண்டுகளாக வைத்து, எதை முதலில் எடுக்கிறது என்று பாருங்கள். மிளகாயைக் கண்டு தயங்கவேண்டாம், அதன் உறைப்பு பறவைக்குத் தெரியாது. முதலில் எடுப்பதை அன்றிலிருந்து கோப்பையில் போடாதீர்கள். அது இனி அந்த ஒருவரின் கையிலிருந்து மட்டும் வரவேண்டும். கச்சான் என்றால் உப்புப் போடாததாக, பூஞ்சணம் துளியும் இல்லாததாகப் பாருங்கள். பூஞ்சணக் கச்சான் ஈரலைக் கெடுக்கும்.

நேரம் காலை முதல் தீனிக்கு முன்னும் பின்னேரம் 5 மணியளவிலும், ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நிமிடம். பட்டினி போட்டுப் பழக்கக்கூடாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசில் தடி பொருத்திக் கிழமைக்கு இரண்டு முறை நிறுங்கள். பச்சைக்கிளி பொதுவாக 110 முதல் 140 கிராம், பெரிய கிளி 200 முதல் 300 கிராம். உங்கள் கிளியின் வழமையான நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பழக்குவதை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

முதல் கட்டத்தில் அந்த ஆள் கூட்டைக் கடந்து போகும்போது ஒரு துண்டை வெளிக் கோப்பையில் போட்டுவிட்டு நிற்காமல் போகவேண்டும். கிளி உடம்பை ஒடுக்கி, இறகை இறுக்கி, கழுத்தை நீட்டினால் அது பயம். அப்போது ஒரு அடி பின்னே போங்கள். அவரைக் கண்டதும் கோப்பைப் பக்கம் நகரத் தொடங்கினால் அடுத்த கட்டம்.

இரண்டாவதில் 15 சென்ரிமீற்றர் நீளப் பயற்றங்காயை எடுத்து ஒரு நுனியைக் கம்பி வழியே நீட்டுங்கள். சொண்டுக்கும் விரலுக்கும் இடையில் தூரம் இருப்பதால் இருவருக்கும் பயம் குறையும். நாளுக்கு நாள் நீளத்தைக் குறையுங்கள். விரல் நுனியிலிருந்து அமைதியாக வாங்கினால் கதவைத் திறந்து அதையே செய்யுங்கள்.

மூன்றாவது, தடி. 2 சென்ரிமீற்றர் தடிப்புள்ள வேப்பங்கொப்பையோ கொய்யாக் கொப்பையோ காலுக்குச் சற்று மேலே, அடிநெஞ்சில் மெல்ல வைத்து ‘ஏறு’ என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். ஏறியதும் துண்டு. தடியில் உறுதியானபின் கை. கையுறை போடவேண்டாம், அது கிளிக்கு இன்னொரு பூச்சாண்டி.

பிழை விடும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. கிளிக்குப் பிடித்தவர் பக்கத்தில் நின்று பார்ப்பது முதலாவது. அவர் நின்றால் கிளி மற்றவரைத் திரும்பியும் பாராது, அவர் அறையை விட்டுப் போகவேண்டும். கொத்து விழுந்ததும் கத்துவது அல்லது கையை வெடுக்கென்று இழுப்பது இரண்டாவது. கத்தல் கிளிக்கு வேடிக்கை, இழுப்பு அதற்கு வெற்றி. சத்தமின்றித் தடியில் இறக்கிவிட்டு ஒரு நிமிடம் விலகி நில்லுங்கள். மூன்றாவது அவசரம். பயந்த கிளிக்கு ஒரு கட்டமே மூன்று கிழமை எடுக்கலாம்.

அவற்ர தோளில இருக்கேக்க நான் கிட்டப் போனா, என்னை விட்டிட்டு அவரையே கடிக்குது. இது என்ன நியாயம்?

கிளி தன் துணையாகக் கருதும் ஒருவரை ‘விலகிப் போ’ என்று கடித்துத் துரத்துகிறது, எட்டாத உங்களைக் கடிக்க முடியாததாலும் கிட்ட உள்ள அவரையே கடிக்கிறது. தோளில் இருக்கும் கிளியின் முகத்தை அவரால் பார்க்க முடியாது, சொண்டு கண்ணுக்குப் பக்கத்தில். தோளை முற்றாக நிறுத்துங்கள். கையிலோ நிலைத்தடியிலோ இருக்கட்டும். நீங்கள் அறைக்குள் வரும்போதெல்லாம் அவர் கிளியைத் தடியில் இறக்க, நீங்கள் ஒரு துண்டு கொடுங்கள். உங்கள் வருகை கிளிக்கு நட்டமாக இல்லாமல் வரவாக மாறவேண்டும்.

ஒரு ஆளுக்கு மட்டும் தலையாட்டி, தின்னதைக் கக்கிக் குடுக்குது. பாசமோ, வருத்தமோ?

இணைசேரும் காலத்து நடத்தை. இலங்கையில் பச்சைக்கிளி நவம்பர் முதல் ஜூன் வரை கூடு வைக்கும். வன்னியில் போரில் வட்டிழந்து நின்ற பனைகளின் பொந்துகளில் அவை குஞ்சு பொரிப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். கூட்டுக் கிளிக்கும் அந்தக் காலம் உடம்பில் வரும். கண்மணி சுருங்கி விரிதல், தோளைத் தூக்கி நடத்தல், தலையாட்டிக் கக்குதல் ஆணின் அடையாளங்கள். குனிந்து வாலைத் தூக்கி முனகுவது பெண்ணின் அடையாளம். கக்கியது தலையை உதறித் தெறிக்கும் பிசின் போன்ற வாந்தியாக இருந்தால் அது நோய்.

தெரியாமல் இதைக் கிளப்பிவிடுபவர் பெரும்பாலும் முதுகு தடவுபவர். முதுகு, செட்டையின் அடி, வாலடி ஆகிய இடங்களைத் தடவினால் கிளிக்கு அது இணைசேரும் அழைப்பு. தொடுவதானால் தலையும் கன்னமும் மட்டும். சூடான சோற்றுக் குழையலைக் கையால் ஊட்டாதீர்கள். பெட்டி, பானை, அலுமாரியின் அடி போன்ற இருட்டு மூலைகளை அடையுங்கள். இரவு 6.30 முதல் காலை 6.30 வரை இருட்டும் அமைதியும் கொடுங்கள். தொலைக்காட்சி ஓடும் மண்டபத்தில் இரவு 11 மணிவரை வெளிச்சத்தில் இருக்கும் கிளிக்கு இந்தக் காலம் நீளும், கடியும் நீளும்.

சேவல் இல்லாமலே முட்டை போட்டிருக்கு. எடுக்கவோ?

எடுக்கவேண்டாம். எடுத்தால் மீண்டும் இடும், உடம்பிலுள்ள கல்சியம் வற்றும். மூன்று கிழமையளவில் தானாகச் சலித்து விடும், அப்போது எடுங்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் கிடைக்கும் கணவாய் ஓட்டைச் சில நாள் நன்னீரில் ஊறவைத்து, தினம் நீர் மாற்றி, உப்புப் போனபின் வெயிலில் காயவைத்துக் கம்பியில் கட்டுங்கள். கிளி கூட்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு முக்கினால், வால் மேலும் கீழும் ஆடினால், முட்டை அடைத்திருக்கலாம். வயிற்றை அமுக்காதீர்கள். 30 பாகை அளவு கதகதப்பில் வைத்து அன்றே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

தலை தடவ விடுதில்லை. பக்கத்து வீட்டுக் கொக்கடைல் மடியில படுக்குது. எங்களில பாசம் இல்லையோ?

இது இனத்தின் குணம். கொக்கடைல் இணைகள் ஒன்றையொன்று கோதும், அதனால் தடவலை ரசிக்கும். பச்சைக்கிளிகள் தங்களுக்குள்ளேயே அதிகம் ஒட்டி உரசுவதில்லை. உங்கள் அருகில் வந்து இருந்து, ஒரு காலைத் தூக்கி, சொண்டை அரைத்துக்கொண்டு தூங்கினால் அதுவே அதன் நம்பிக்கை.

ஆறு மாதம்வரை எல்லாரோடயும் நல்லம். இப்ப எல்லாரையும் சீறிக் கொத்துது.

பச்சைக்கிளிக் குஞ்சுகள் பல, நாலு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் வெருட்டிப் பார்க்கும். சில கிழமைகளில் ஓயும். அந்த நேரத்தில் யார் பயந்து பின்வாங்கினாரோ அவரைப் பிறகும் வெருட்டும். வீட்டில் பெண்பிள்ளைகள் பின்வாங்கியிருந்தால் ‘பொம்பிளையளைப் பிடிக்காது’ என்று பெயர் வரும்.

கதைக்கப் பழக்கிறதுக்குப் பெண் குரல் நல்லமோ?

குரலின் பாலைவிடச் சொல்லும் விதமும் நேரமும் முக்கியம். உணர்ச்சியோடும், ஒரே சுருதியிலும், ஒரு நிகழ்வோடு சேர்த்தும் சொல்லும் சொல் பிடிபடும். வாசலில் வரும்போது ‘வாங்கோ’, கூட்டை மூடும்போது ‘படுங்கோ’ என்று. இரண்டு பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஐரீன் பெப்பர்பேர்க் என்ற ஆய்வாளர் அலெக்ஸ் என்ற ஆபிரிக்கச் சாம்பல் கிளிக்கு 1977 முதல் அது 2007இல் இறக்கும்வரை பயிற்சி கொடுத்தார். ஒருவர் பொருளைக் காட்டிக் கேட்க, மற்றவர் பெயரைச் சரியாகச் சொல்லி அதைப் பரிசாக வாங்க, கிளி பார்த்துக்கொண்டிருக்கும் முறை அது. வீட்டில் அப்பா ‘இது என்ன?’ என்று கேட்க, மகள் ‘கொய்யா’ என்று சொல்லி வாங்கித் தின்னட்டும். பின்னர் இடம் மாறுங்கள். ஆண் குரல், பெண் குரல் இரண்டோடும் கிளி பழகுவது கூடுதல் நன்மை.

வீட்டில கர்ப்பிணி இருக்கிறா, சின்னப் பிள்ளையளும் இருக்கினம். பயமோ?

கிளிகளிலிருந்து சிற்றக்கோசிஸ் என்னும் நுரையீரல் தொற்று மனிதருக்கு வரலாம். காய்ந்த எச்சத் தூசியால் பரவும். கூடு கழுவுவதைக் கர்ப்பிணியும் ஆஸ்துமா உள்ளவரும் தவிர்க்கவேண்டும். எச்சத்தைக் கூட்டித் தள்ளாமல் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் போட்டு எடுங்கள். வீட்டில் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் கிளி இருப்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் பெரியவர் இல்லாமல் கூட்டைத் திறக்கக்கூடாது. பிள்ளையின் கை வேகமும் கூச்சலும் கிளியைப் பயப்படுத்தும், பச்சைக்கிளியின் கடி பிள்ளை விரலைக் கிழிக்கும்.

பொந்தில இருந்து குஞ்சை எடுத்து வளர்த்தா நல்லா ஒட்டுமாமே?

வேண்டாம். காட்டுப் பறவைகள் விடயத்தில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. அதை நடைமுறைப்படுத்துவது வனசீவராசிகள் திணைக்களம். கிளி வைத்திருக்க எண்ணினால் முதலில் அங்கே கேளுங்கள். எடுக்கப்படும் குஞ்சுகளில் பல, சூடும் தீனியும் சரியில்லாமல் சாகின்றன. வளர்ந்த காட்டுக் கிளியைப் பிடித்தாலோ அது ஆணுக்கும் ஒட்டாது, பெண்ணுக்கும் ஒட்டாது. கூட்டில் பிறந்த பட்ஜியோ கொக்கடைலோ மனிதரோடு நிம்மதியாக வாழும்.

நேற்றுவரை என்னோட நல்லம். இண்டைக்குக் கிட்டப் போகவே கடிக்குது.

ஒரே நாளில் மாறினால் முதலில் நோயைச் சந்தேகியுங்கள். பறவை நோயை மறைக்கும், கடி அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். இறகைச் சிலிர்த்து இருத்தல், பகலில் தூக்கம், எச்சத்தின் நிற மாற்றம், நெஞ்செலும்பு கூராகத் தெரிதல் ஆகியவற்றைப் பாருங்கள். பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போகலாம். சிக்கலான நிலைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. காற்றோட்டமுள்ள பெட்டியில், அடியில் துணி விரித்து, வெயில் ஏறுமுன் காலையில் புறப்படுங்கள். அன்றைய எச்சத்தைப் பொலித்தீனில் எடுத்து, கடைசிக் கிழமை என்ன தின்றது, நிறை எவ்வளவு, வீட்டில் புகையோ மருந்தோ அடித்தீர்களா என்று எழுதிக் கொண்டு போங்கள்.